களைக்கு மூன்று வேளை மருந்து

அந்த வீட்டில் தலைவலி வந்தால் ஒரு மாத்திரை கிடைக்காது. இத்தனைக்கும் வீட்டுக்காரன் மாத்திரை விற்கிறவன்.

காலையில் டையை இறுக்கிக்கொண்டு, தோள் ஒரு பக்கமாகச் சாயும்படி கனத்த பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். டாக்டர்களின் அறை வாசலில் நோயாளிகளுக்கு நடுவில் காத்திருப்பான். கூப்பிட்டதும் உள்ளே போய், வயிற்றெரிச்சலுக்கும் மூட்டுவலிக்கும் தன் கம்பெனி மாத்திரையை விட்டால் உலகத்தில் வேறு கதியில்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆளே வேறு. ஷாம்பு கெமிக்கல். பற்பசை கெமிக்கல். கொசுவத்தி கெமிக்கல்.

"அப்போ கொசு கடிச்சா?" என்று ஒரு நாள் அவன் மனைவி கேட்டாள்.

"கடிக்கட்டும். அது நேச்சுரல்."

மெடிக்கல் ரெப் என்பதால் தெருவில் அவனுக்கு ரெப் என்று பெயர். அவன் மனைவிக்கு டீச்சர். ஒரு நர்சரிப் பள்ளியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். குழந்தைகள் கூப்பிட்ட பெயர் பெற்றோர் வாயில் ஒட்டி, தெருவில் பரவி, கடைசியில் மாமியார் வாய்க்கும் வந்துவிட்டது. புருஷன் முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டான். பிறகு அவனுக்கே வேறு பெயர் மறந்துபோனது.

அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் சொந்தமாக ஒரு மழலையர் பள்ளி தொடங்க வேண்டும் என்பது டீச்சரின் நெடுநாள் ஆசை. வேலையை விட்டாயிற்று. தெருவில் சில தாய்மார்கள் "உங்ககிட்டதான் விடுவோம்" என்று வாக்குக் கொடுத்தாயிற்று. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. ஆய்வு அதிகாரி வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். இந்தத் தடவை தவறினால் அடுத்த சுற்று, பள்ளிச் சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகுதான். அதுவரை எந்தத் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்? விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது. அங்கே ஏற்கெனவே ஒரு சின்னப் பெண் சேர்ந்து, டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெப்பைக் குறை சொல்ல முடியாது. நாற்காலிகளின் காலை அளந்து அறுத்தது அவன். கை கழுவும் தொட்டியை முழங்கால் உயரத்துக்கு இறக்கியது அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் குப்புறப் படுத்து ஊர்ந்து, குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் என்னென்ன எட்டும் என்று பார்த்து, ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் மூடி போட்டவனும் அவன்தான். அவன் செய்தது எல்லாமே அன்பு. அதனால்தான் அவனிடம் வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பிரச்சினை பின்பக்கத்து முற்றத்தில் இருந்தது. குழந்தைகள் ஓடியாடப் பாதுகாப்பான திறந்தவெளி வேண்டும் என்பது விதி. புல்தரை என்னவோ இருந்தது. ஆனால் புல்லுக்கு நடுவே கோரை தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்து, மஞ்சள் பூவைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. பூ உதிர்ந்தால் முள் வரும்.

"ஞாயித்துக்கிழமை நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கையால பிடுங்கிடலாங்க" என்றாள் டீச்சர். "காய் பிடிக்கறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டா முள்ளுத் தொல்லை இருக்காது."

"பிடுங்கறதா? எந்தக் காலத்துல இருக்கே டீச்சர்?"

"பின்னே, கடையில களைக்கொல்லி வாங்கி அடிக்கச் சொல்றீங்களா? குழந்தைங்க உருண்டு புரள்ற இடம்."

"விஷமா? நானா? என்னைப் பார்த்து இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று அவன் நெஞ்சில் கை வைத்தான். "வழி என்கிட்ட இருக்கு."

வழி அவனிடம் இல்லை, அவன் அக்காவிடம் இருந்தது. நாத்தனார் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். அவள் பால்கனியில் தொங்குகிற கொடி பிளாஸ்டிக். அவ்வப்போது ஈரத்துணியால் அதன் இலைகளைத் துடைத்து விடுவாள். தோட்ட விஷயத்தில் அவள் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள்தான் அந்தச் செய்முறையை அனுப்பியிருந்தாள். கீழே கும்பிடு போடும் கை, இலை, பூமி உருண்டை எல்லாம் வரிசையாக இருந்தன. போதாதென்று வீடியோ காலிலும் வந்தாள்.

"எல்லாம் அடுப்பங்கரைச் சாமான்தான். வினிகர், உப்பு, பாத்திரம் கழுவற லிக்விட். மூணையும் கலந்து அடி. களை அப்படியே கருகிடும். கோடிக்கணக்கான பேர் பண்றாங்க."

"நீங்க பண்ணிப் பார்த்தீங்களா அண்ணி?" என்றாள் டீச்சர்.

"என் வீட்டுல ஏதும்மா களை?" என்றாள் நாத்தனார் பெருமையாக.

ரெப் டாக்டர் முன்னால் நிற்பதைப்போலவே சமையலறை மேடைக்கு முன்னால் நின்றான். ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிக் காட்டினான். "கவனி. வினிகர் இலையை வறுக்கும். உப்பு தண்ணியை உறிஞ்சும். இந்த லிக்விட் ரெண்டையும் வழுக்காம இலையில ஒட்ட வைக்கும். மூணுமே நாம தினம் சாப்பிடற பொருள்."

"பாத்திரம் கழுவறதையுமா சாப்பிடறோம்?"

"தட்டுல கொஞ்சம் ஒட்டியிருக்கும்ல?"

அதற்கு மேல் அவனோடு பேச டீச்சருக்குத் தெம்பில்லை. மாமியார் தன் பங்குக்கு வந்தார். "எதுக்குடா இத்தனை சரக்கு? நல்லா கொதிக்கக் கொதிக்கத் தண்ணியை ஊத்து. எதுவா இருந்தாலும் செத்துடும்."

"அதுவும் நேச்சுரல்தான்மா. சேர்த்தே பண்ணுவோம். காம்பினேஷன் தெரப்பி."

முதல் நாள் அடித்ததும் வெயில் நன்றாகக் காய்ந்தது. சாயங்காலத்துக்குள் களையின் இலைகள் பழுப்பாகிச் சுருண்டன. ரெப் குனிந்தும் படுத்தும் விதவிதமாகப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். நாத்தனார் கைதட்டினாள். பெரியப்பா மகன் ஒருவன், ஜன்மத்தில் மண்ணைத் தொடாதவன், "இதைத்தான் பெரிய கம்பெனிகள் நம்மிடமிருந்து மறைக்கின்றன" என்று எழுதினான். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற ரெப் அதற்கு ஒரு இதயம் போட்டான். டீச்சருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பரவாயில்லை, மனுஷன் உருப்படியாக ஒன்று செய்துவிட்டான் என்று நினைத்தாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். கருகிய இலைக்கு நடுவிலிருந்து கோரை புதுசாக, பளபளவென்று எட்டிப் பார்த்தது. மேலே இருந்த இலைதான் போயிருந்தது. கீழே கிழங்கு சுகமாகப் படுத்திருந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிடுவான். மருந்து விற்கிறவன் விடுவானா? அவன் முகத்தில் ஒரு ஞானம் படர்ந்தது.

"தப்பு என்னோடது. ஒரே ஒரு டோஸ் குடுத்துட்டு நிறுத்திட்டேன். பாதியில நிறுத்தினா கிருமி என்ன பண்ணும்? எதிர்ப்புச் சக்தி வந்துடும். களையும் அப்படித்தான். ஃபுல் கோர்ஸ் போகணும்."

"என்னங்க, அது செடி. காய்ச்சல் இல்லை."

"தத்துவம் ஒண்ணுதான் டீச்சர். காலை, மதியம், இரவு. டோஸையும் ஏத்தணும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "வெறும் வயித்துல நல்லா வேலை செய்யும். அதனால செடிக்குத் தண்ணி ஊத்தாதே."

அன்றிலிருந்து களைக்கு வைத்தியம் ஆரம்பமானது. காலை டோஸ், டை கட்டுவதற்கு முன்னால். இரவு டோஸ், டையைக் கழற்றிய பிறகு. மதியம் அவன் ஊரில் வேறு யாருக்கோ மாத்திரை விற்றுக்கொண்டிருப்பான் என்பதால் மதிய டோஸ் மாமியார் பொறுப்பு. அவர் நர்ஸைப் போல நேரம் தவறமாட்டார். தெளிப்பான் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, திருப்தி வராமல், கெட்டிலில் கொதிக்கிற தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றுவார். உப்பு கரையாமல் பாட்டில் அடியில் தங்க ஆரம்பித்ததும், ரெப் அதைக் கரைக்கிற வேலையையே விட்டுவிட்டுக் கையால் அள்ளித் தூவினான். டீச்சர் சமையலுக்கு உப்பு தேடினால் ஜாடி காலி. பாத்திரம் தேய்க்கப் போனால் லிக்விட் காலி.

"உப்பு போட்டுத்தானே சாப்பிடறீங்க? எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்களேன்" என்றாள்.

"கோர்ஸ் முடியட்டும்" என்றான் அவன்.

கோர்ஸ் முடிவதற்குள் புல் முடிந்துவிட்டது. முதலில் வெளிறியது. பிறகு வைக்கோல் நிறமானது. அப்புறம் மொட்டையடித்த தலை போல மண் தெரிந்தது. ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்து நின்றது. நெருஞ்சி செத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் சாகும்போது பிடித்திருந்த காயையெல்லாம் தரையில் உதிர்த்துவிட்டுச் செத்தது. இத்தனை நாள் கொடியில் இருந்த முள் இப்போது முற்றம் முழுக்க இறைந்து கிடந்தது. நடுவில் உயிரோடு, பச்சையாக, திமிராக நின்றது ஒன்றே ஒன்று. கோரை.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் துணி காயப்போட வெறுங்காலோடு இறங்கிய டீச்சர், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். குதிகாலில் இரண்டு முள்.

"என்னங்க, இங்கே வாங்க."

வந்தான். முள்ளைப் பார்த்தான். மெதுவாக எடுத்துவிட்டான். அவன் விரல் அவ்வளவு பதமாக இருந்ததில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க. மண்ணுகூட இல்லை, உப்பை அள்ளிப் போட்டிருக்கீங்க."

"உனக்காகத்தானே ராத்திரி பகலா பண்றேன்? விஷம் வேணாம்னு நீதானே சொன்னே?"

"நான் கையால பிடுங்கலாம்னு சொன்னேன்."

"அதிகாரி என்ன புல்லையா எண்ணப் போறாங்க? நான் பேசிக்கறேன். எத்தனை டாக்டரைப் பார்த்தவன் நான்."

மாமியார் உள்ளேயிருந்து, "அவன் நல்லதுக்குத்தான் பண்றான்மா, விடு" என்றார். டீச்சர் விட்டாள். விட்டுப் பழகிய வாய். துடைப்பத்தை எடுத்து, இருட்டும்வரை முள்ளைக் கூட்டிக் குவித்தாள்.

மறுநாள் வந்த அதிகாரி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒரு அம்மாள். பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, அலமாரியில் இருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுப் பார்த்தார். குழாய்க்குள் போகிற எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும். எதுவும் போகவில்லை. பிளக் பாயிண்ட் மூடிகளை நகத்தால் நெம்பிப் பார்த்தார். கழுவுத்தொட்டிக்கு முன்னால் மண்டிபோட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

"யார் பண்ணினது இதெல்லாம்?"

"இவர்தான் மேடம்" என்றாள் டீச்சர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு டையோடு நின்ற ரெப், மார்பு விரியப் புன்னகைத்தான்.

"நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. பின்பக்கம் நடந்துகொண்டே கேட்டார். "ஒரு குழந்தை என்னத்தையோ எடுத்துக் குடிச்சிடுச்சுன்னு வைங்க. நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்கதவு திறந்துவிட்டது.

அதிகாரி படியிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்தார். பிறகு கீழே இறங்கி, குனிந்து, ஓரத்தில் பூத்திருந்த வெள்ளையை ஒரு விரலால் தொட்டார்.

"இங்கே என்ன அடிச்சீங்க?"

"அது வந்து மேடம்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"நான் விளக்கறேன் மேடம்" என்று ரெப் ஓர் அடி முன்னால் வந்தான். "முழுக்க முழுக்க இயற்கையானது. ஜீரோ கெமிக்கல்."

"புல்லு செத்துருக்கு. புழு பூச்சி ஒண்ணைக் காணோம். கடையில வாங்கின களைக்கொல்லியை அளவில்லாம அடிச்ச இடம் இப்படித்தான் இருக்கும். நாங்க பார்க்காததா? விஷம் அடிச்ச தரையில குழந்தைங்களை விட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

விஷம். அந்த ஒரு வார்த்தை அவனை எங்கேயோ அடித்தது. கொசுவத்தி கொளுத்தாதவன், தலைவலிக்கு மாத்திரை போடாதவன், அவனைப் பார்த்து ஒரு அரசாங்க அதிகாரி விஷம் வைத்தான் என்கிறார். அதுவும் மனைவியின் பள்ளிக்கூடத்தில்.

"மேடம், இது நாம சாப்பிடற பொருள். சமையலறையில இருக்கிறது. எங்கம்மா கையால ஊத்தினது." ஜன்னல் விளிம்பில் இருந்த தெளிப்பான் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். "நான் டெமோ காட்டறேன்."

"சார், வேண்டாம்" என்றார் அதிகாரி.

"என்னங்க!" என்றாள் டீச்சர்.

ரெப் பாட்டிலைத் தூக்கிப் பெரிய மடக்காக ஒரு மடக்குக் குடித்தான்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வெற்றிப் புன்னகை ஒன்றைத் தொடங்கினான். அது பாதியில் நின்றது. கண் இரண்டும் வெளியே வருவதுபோல விரிந்தன. கடைவாயில் நுரை தள்ளியது. ஒரு விக்கல் வந்தது. விக்கலோடு அவன் உதட்டிலிருந்து ஒரு சோப்புக் குமிழி புறப்பட்டு, வானவில் நிறமெல்லாம் காட்டியபடி, அதிகாரியின் மூக்குக்கு முன்னால் மிதந்து போய் உடைந்தது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று மாமியார் அலறினார். "வாந்தி எடுடா! விரலை விட்டு எடு! இரு, உப்புத் தண்ணி கரைச்சுக் கொண்டு வரேன்!"

"இன்னும் உப்பா?" என்று ரெப் சொல்ல முயன்றான். இன்னொரு குமிழிதான் வந்தது.

மாமியார் ஓடுகிற ஓட்டத்திலேயே மகளுக்குப் போன் போட்டு, ஒரு கையில் டம்ளரும் மறு கையில் போனுமாகத் திரும்பி வந்தார். வீடியோவில் நாத்தனார், பிளாஸ்டிக் கொடிக்கு முன்னால் தலைவிரிகோலமாகத் தோன்றினாள். "பச்சை முட்டையை அடிச்சுக் குடும்மா! இல்லாட்டி எலுமிச்சம்பழம்! இரு, குழுவுல ஒண்ணு வந்துச்சு, தேடி அனுப்பறேன்!"

டீச்சருக்குள் என்னவோ ஒன்று சட்டென்று அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"யாரும் அவருக்கு எதுவும் குடுக்கக் கூடாது" என்றாள். குரல் உயரவில்லை. முப்பது குழந்தைகள் கத்துகிற வகுப்பில் பழகிய குரல் அது. அது உயரவே உயராது. "அத்தை, அந்த டம்ளரைக் கீழே வைங்க. போனை வைங்க. அண்ணி, அப்புறம் பேசறேன். என்னங்க, வாயிலேர்ந்து விரலை எடுங்க. வலிய வாந்தி எடுக்கக் கூடாது. இந்தப் படியில உட்காருங்க. குனிஞ்ச மாதிரி."

உட்கார்ந்தான். அவள் ஒரு குவளையில் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள்.

"வாயைத் திறங்க. இந்தத் தண்ணியை வாயில வச்சுக் கொப்பளிச்சுத் துப்புங்க. முழுங்கக் கூடாது. இன்னொரு தடவை. சமர்த்து."

சமர்த்து என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனும் சமர்த்தாகத் துப்பினான்.

"மேடம், கொஞ்சம் இவர் தோளைப் பிடிச்சுக்குங்க. சாயாமப் பார்த்துக்கணும்."

அதிகாரி பையைக் கீழே போட்டுவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். டீச்சர் ஒரு கையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு, மறு கையால் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போன் செய்தாள். என்ன குடித்தான், எவ்வளவு குடித்தான், எப்போது குடித்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்று நாலே வாக்கியத்தில் சொன்னாள். மூச்சு சரியாக வருகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு அவன் நெஞ்சைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஒரு வாய் தண்ணீர் மெதுவாகக் குடிக்கக் கொடுத்து, உட்கார்ந்த வாக்கிலேயே அழைத்துவரச் சொன்னார் டாக்டர். பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனதும், யாரும் தூண்டாமலே ரெப்புக்கு எல்லாம் வெளியே வந்தது. நேராகக் கோரையின் மேல். கோரை அதற்கும் அசரவில்லை.

டாக்சி வருகிறவரை அவன் படியில் துவண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் ஈரத்துணியால் அவன் வாயைத் துடைத்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டிய பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகிக் கைப்பையில் வைத்தாள். அதிகாரி அதைக் கவனித்தார்.

"நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் யாரும் சொன்னதில்லை" என்றார். டீச்சரின் முகம் மலர்வதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இவங்க இங்கே இத்தனை நாளா ஊத்தினதை நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் மேடம்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

"புருஷனுக்கு ஒண்ணுன்னதும் இவ்வளவு கறாராப் பேச வருது. அதுக்கு முன்னாடி அந்த வாய் எங்கே போயிருந்துச்சு? நாளைக்கு ஒரு குழந்தை இருமும். இந்தம்மா ஏதாவது ஒண்ணை இடிச்சுப் பிழிஞ்சு எடுத்துக்கிட்டு வருவாங்க. நல்லதுக்குத்தான் வருவாங்க. அப்போ வீட்டுல சண்டை வேணாம்னு சும்மா இருப்பீங்களா?"

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். டம்ளர் இன்னும் கையில் இருந்தது. ரெப் தலை தூக்கி மனைவியைப் பார்த்தான். இருவர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. தனியாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ சுலபம்.

"எங்க அத்தையா இருந்தாலும் இவரா இருந்தாலும், நான் சொல்லாம ஒரு பொருள் அந்த ரெண்டு ரூமுக்குள்ளயும் இந்த முற்றத்துக்குள்ளயும் வராது மேடம். இது என் பள்ளிக்கூடம்."

மாமியார் முகம் சுண்டிப்போனது. ரெப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மறுபடியும் குமிழி வருமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டான்.

"சரி" என்றார் அதிகாரி. "இந்த மண்ணைத் தோண்டி எடுத்துடுங்க. முள்ளும் போகும், உப்பும் போகும். நல்ல மணல் கொட்டுங்க. புல்லுதான் வேணும்னு விதி இல்லை. சேர்க்கைக்கு முன்னாடி நான் ஒரு தடவை வந்து பார்ப்பேன். சரியா இருந்தா அன்னிக்கே அனுமதி." பையை எடுத்துக்கொண்டார். போகும்போது ரெப்பைப் பார்த்து, "கழுவுத்தொட்டி பிரமாதம் சார்" என்றார். அந்த நிலைமையிலும் அவனுக்கு அது இனித்தது.

கிளினிக்கில் இருந்த டாக்டர், ரெப் மாதாமாதம் போய் ஒப்பிக்கிற டாக்டர்தான். பாட்டிலை மோந்து பார்த்தார். வயிற்றை அமுக்கினார். பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் கோணத் தொடங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அவன் கம்பெனி மாத்திரைதான்.

"வீட்டு வைத்தியமா வேற ஏதாவது..." என்று ரெப் மெல்ல ஆரம்பித்தான்.

"போடுங்க" என்றாள் டீச்சர்.

போட்டுக்கொண்டான். அரை மணியில் எரிச்சல் நின்றது. அதைப் பற்றி அவன் குடும்பக் குழுவில் எதுவும் எழுதவில்லை.

அந்த வாரக் கடைசியில் மண்வெட்டியோடு இறங்கினான். உப்பு ஊறிய மண் கெட்டித்துப்போய்க் கல்லாகக் கிடந்தது. கொத்திக் கொத்திக் கையில் கொப்புளம் வந்தது. டீச்சர் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் வச்சுக்கலாம்ல?" என்றான்.

"எதுக்கு? உழைப்பு நேச்சுரல்தானே?"

"குத்திக் காட்டறே."

"நல்லா ஆழமாத் தோண்டுங்க. கோரைக் கிழங்கு ஒண்ணு தங்கக் கூடாது."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுந்து போய் மண்வெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. போன மாதமாக இருந்தால் போயிருப்பாள். மாமியார் மட்டும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தோண்டித் தோண்டி என் பிள்ளை இளைச்சுட்டான்" என்று பேச்சை ஆரம்பித்தார். வருத்தத்திலாவது பேசினாரே என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி சொன்னபடி வந்தார். மணலைக் கையால் அள்ளிச் சலித்துப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்ப்பார் போலிருந்தது. வைக்கவில்லை. அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

பள்ளி திறந்த நாளில் வாக்குக் கொடுத்த தாய்மார்கள் எல்லோரும் வந்தார்கள். பாதிக் குழந்தைகள் அழுதன. மீதிக் குழந்தைகள் அழுகிறவர்களை வேடிக்கை பார்த்தன. உள்ளே ஒரு வாண்டு, அழுது அழுது தொண்டை கட்டி, லொக் லொக்கென்று இரும ஆரம்பித்தது. டீச்சர் அதை மடியில் எடுத்து வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது.

மாமியார். கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அந்தக் குழந்தை இருமுகிற ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கியது. மருமகளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். குரல் இறங்கி இருந்தது. "உள்ளே வரலாமாம்மா?"

டீச்சர் கிண்ணத்தைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மடியில் குழந்தை இன்னொரு முறை இருமியது.

"கிண்ணத்தை வெளியே வச்சுட்டு நீங்க மட்டும் வாங்க அத்தை" என்றாள். "இங்கே தூக்கி வச்சுக்க ஆள் பத்தலை."

மாமியார் தயங்கினார். பிறகு கிண்ணத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து அழுகிற குழந்தைகள் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.